ஒரு பங்கருக்கு இரண்டு வாசல்

சகடை வந்த நேரத்தைப் பார் என்று சற்குணத்துக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது, பயம் அதற்குப் பிறகுதான். ஒரு கொக்கி தேடித்தான் அவள் பொத்தான் தகரத்துக்குள் கையை விட்டாள். தபால்காரர் பெண்சாதியின் பிளவுசுக்குக் கடைசிக் கொக்கி, அதைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. விரலில் பட்டது கொக்கி இல்லை. துணித்துண்டில் சுற்றி நூலால் இறுக்கிய சின்னப் பொட்டலம், பிரித்தால் வற்சலாவின் தோடு இரண்டும். வற்சலா காலையில் ரியூசன் என்று சொல்லிச் சைக்கிளில் போனவள். ரியூசனுக்குப் போகிற பெட்டை தோட்டைக் கழற்றி வைத்துவிட்டா போகும்? இயக்கத்துக்குப் போகிற பிள்ளைகள்தான் நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகும், இந்த ஊரில் அது பால்குடிக்கும் தெரியும். தெரிந்து என்ன, அதைப் பொத்தான் தகரத்துக்குள் வைத்திருக்கிறாளே, அம்மா எப்படியும் அதற்குள் கையை விடுவாள், ஆனால் உடனே விட மாட்டாள் என்று கணக்குப் போட்டல்லவா வைத்திருக்கிறாள், கள்ளி. சற்குணம் படலையைத் திறந்து ஒழுங்கையில் கால்வைக்கப் போக, வானத்தில் சகடையின் அந்த உறுமல். மற்ற பிளேன்களைப் போலப் பாய்ந்து வந்து பாய்ந்து போகாமல், ஊர்ந்து ஊர்ந்து வந்து பீப்பாக் குண்டை உருட்டிவிடுகிற கிழட்டுப் பிளேன். எதிர்வீட்டு மனுசன் “உள்ள போ பிள்ளை, உள்ள போ” என்று கத்தினான். அவன் கத்தியதைக் கேட்டுக் கால் தானாகத் திரும்பி ஓடிவந்து பங்கருக்குள் இறங்கிவிட்டது. இப்போது அந்தக் கால்மேல்தான் அவளுக்குக் கோபம். பிள்ளை றோட்டில் நிற்க, தாய்க்காரி குழிக்குள் குந்திக்கொண்டு இருக்கிறாள். வெட்கம் கெட்ட கால்.

அதிலும் இந்தக் குழி. இதை நினைத்தாலே வயிறு எரியும். சண்டை திரும்பத் தொடங்கிய புதிதில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வெட்டியது, ஒரு பங்கருக்கு இரண்டு வாசல், ஒன்று இவள் வளவுக்குள், மற்றது பக்கத்து வளவுக்குள், திரவியத்தின் வளவுக்குள். ஒரு வாசல் மூடுண்டால் மற்றதால் வெளியே வரலாம் என்று இவள் புருசன்தான் புத்தி சொன்னான். சொல்லிவிட்டு அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், பாதை பூட்டி அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். அவன் போன பிறகுதான் திரவியத்தோடு சண்டை வந்தது, வேலி உயர்ந்தது, வேலியில் போய்வர விட்டிருந்த பொட்டு அடைபட்டது. மேலே கதியாலும் கிடுகுமாக வேலி எல்லை நெடுக நிற்கிறது, கீழே மண்ணுக்குள் எல்லையே இல்லை. எல்லை இல்லாமல் மனுசர் இருக்கலாமா? ஆகவே நடுவில் ஒரு கிடுகுத் தட்டியைச் செருகினாள் சற்குணம். அன்றிலிருந்து பிளேன் வருகிற நேரமெல்லாம் திரவியம் அந்த வாசலால் இறங்கி அந்தப் பக்கம் இருப்பாள், இவள் இந்த வாசலால் இறங்கி இந்தப் பக்கம் இருப்பாள், ஊரே பொடிப்பொடியானாலும் ஒரு சொல் இல்லை, இருமல் வந்தாலும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டுதான் இருமல். இன்றைக்கும் அந்தப் பக்கம் இருக்கிறாள். மூச்சுக் கேட்கிறது. மூச்சு மட்டுமா, சப்புகிற சத்தமும் கேட்கிறது. குண்டு விழுகிற நேரத்திலும் குந்தியிருந்து வெற்றிலை சப்புகிறாள். மெதுவாக, அவசரம் இல்லாமல், சப்புச் சப்பென்று, பிறகு ஒரு விழுங்கல், பிறகு கொஞ்சம் பேசாமல், பிறகு திரும்பவும் சப்பு. அவளுக்கென்ன, அவளுடைய நெஞ்சு கல்லாகிப் போய்விட்டது. ஆட்டு மணம் வேறு. ஆட்டோடு கிடந்து கிடந்து அவளும் ஆடாக மணக்கிறாள், இன்றைக்கு வழமையைவிட மோசம், குளித்தாளோ இல்லையோ.

எல்லாம் அந்த ஆட்டால் வந்தது. சவர்க்காரம் கண்ணிலும் காணக் கிடைக்காத காலம் அது. சனம் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தது, அழுக்குப் போகும், மணம் போகாது. தையல் மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் தேங்காயெண்ணெய் விட்டு ஓட்டினாள் சற்குணம், அந்த எண்ணெய் ஒரு கலியாணப் பெண்ணின் வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது. படுமா படாதா, நாள் முழுக்க மிதித்தால் எண்ணெய் கசியத்தான் செய்யும். பயந்துபோய்ப் பனம்பழத்தில் தோய்த்துக் கொடியில் போட்டாள். வேலிப் பொட்டால் தலையை நீட்டிக்கொண்டு வந்தது திரவியத்தின் ஆடு, சட்டையின் ஒரு கையை முழுசாகத் தின்றுவிட்டது. மற்றக் கையையும் தின்னத் தொடங்கியிருந்தது. அடுத்த நாள் கலியாணம். “உன்ர ஆட்டைக் கட்டி வைக்கத் தெரியாதோ?” என்று இவள் கத்த, திரவியம் சிரிப்பை அடக்காமல் சொன்னாள், “சட்டையைப் பணியாரம் மாதிரி மணக்கப் பண்ணிக் கொடியில தொங்கவிட்டா, ஆடு தின்னாமல் பூசையே செய்யும்?” ஒழுங்கையில் நின்ற சனம் எல்லாம் சிரித்தது. மெசின் மிதித்து மிதித்துக் கால் வீங்கி நிற்கிற பெண்ணைப் பார்த்து ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. ஆடு தின்றதை இவள் மன்னித்திருப்பாள், அது வாயில்லாத சீவன். அந்தச் சிரிப்பை எப்படி மன்னிக்கிறது? அன்றைக்கே கதியால் வெட்டிப் பொட்டை அடைத்தாள், முள்ளும் வைத்தாள்.

மண் ஒருமுறை குலுங்கியது. மேலிருந்த பனங்குற்றிகளின் இடுக்கால் புழுதி இறங்கிக் கண்ணுக்குள் போனது. எங்கே விழுந்தது, சந்தைப் பக்கமா, ஆஸ்பத்திரிப் பக்கமா, காது அடைத்துப் போய்விட்டதால் திசை பிடிபடவில்லை. வற்சலா எந்தத் திசையில் நிற்கிறாள் என்று தெரிந்தால்தானே விழுந்த திசையைப் பார்த்துப் பயப்படலாம், இது எல்லாத் திசைக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. ரியூசனில் நின்றால் குண்டுக்குப் பயம், இயக்கத்தின் வாசலில் நின்றால் அதைவிடப் பெரிய பயம், சீ, எதைவிட எது பெரிது என்று பார்க்கிற நேரமா இது. காலையில் என்ன செய்தாள்? தேத்தண்ணி குடித்தாள், பேணியைத் தானே கழுவினாள். தானே கழுவினாள்! என்றைக்காவது கழுவினவளா அவள், குடித்த இடத்தில் பேணியை வைத்துவிட்டு எழும்புகிறவள். அதைக் கண்டும் இந்த மூளைக்கு ஏறவில்லை. போகும்போது மெசினடியில் வந்து தோளில் கைவைத்தாள், என்னடி என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை அம்மா, நூல் ஒட்டியிருக்குது என்று சொல்லி எடுத்தாள். நூல் இருந்ததா? தையல்காரியின் தோளில் நூல் இல்லாத நாள் ஏது. இருந்திருக்கும். இருந்திருக்கத்தான் வேண்டும். போன மாதம் சட்டை தைத்துத் தரச் சொல்லிக் கேட்டாளே, நீளக் கை வைத்து, தொளதொளவென்று, நிறமும் மண்நிறமாய்ப் பார்த்து எடுத்து வந்தாளே. “வெயில் அம்மா” என்றாள். இவளும், என்ர பிள்ளைக்கு ஒரு அடக்க ஒடுக்கம் வந்துவிட்டது, மற்றப் பெட்டைகளைப் போல இறுக்கிப் போட்டுக்கொண்டு திரியவில்லை என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டு, இரட்டைத் தையல் போட்டு, கைமுட்டியில் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாளே. எந்தத் தாய் செய்வாள் இந்த வேலையை? பிள்ளை காட்டுக்குப் போகத் தானே உடுப்புத் தைத்துக் கொடுத்த மடைச்சி, கிழியக்கூடாது என்று இரட்டைத் தையலும் போட்ட மடைச்சி.

சப்புச் சப்பு. நிறுத்தடி, என்று மனதுக்குள் கத்தினாள். வற்சலாவின் மனதைக் குழப்பியதே அந்த வீட்டுச் செத்தவீடுதான். திரவியத்தின் ஒரே பெடியன் கரன், ஒழுங்கையில் வற்சலாவைச் சைக்கிளில் ஏற்றிப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி ஓடப் பழக்கினவன். பங்கர் வெட்டும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்குத் தானே தோண்டினவன். இயக்கத்துக்குப் போனான், போன வருசம் பெட்டியில் வந்தான், பெட்டியைத் திறக்க விடவில்லை. தெருவெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு போனது. வற்சலா படலையால் சுற்றிப் போய்ச் செத்தவீட்டில் இருந்துவிட்டு வந்து, தலைமுழுகி, சாப்பிடாமல் படுத்தாள். சற்குணம் போகவில்லை. கோபதாபம் இருந்தாலும் செத்தவீட்டுக்குப் போகிறது ஊர் வழக்கம், கொலைகாரன் வீட்டுக்கும் போகிற ஊர் இது, ஆனால் அவள் போகவில்லை. மெசினை நிறுத்திவைத்தாள். நாள் முழுக்க மெசின் சத்தம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டாள், கையூசியால் தைத்தாள். அது போதாதா? அது மரியாதை இல்லையா? திரவியம் அதைக் கவனித்திருக்க மாட்டாள், அவளுக்கு எங்கே கவனிக்கத் தெரியும், வராததைத்தான் கவனித்திருப்பாள். ஒழுங்கைப் பெண்டுகள் எல்லாரும் அங்கே ஒப்பாரி வைக்க, இவள் தட்டிக்கு இந்தப் பக்கம், இல்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டு நின்றாள். திரவியத்தின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. அழத் தெரியாதவள். இப்போதும் பார், மூச்சு விடுகிறாளே தவிர வேறொன்றும் இல்லை.

திரும்பவும் குலுங்கியது, இந்தமுறை தள்ளி. ஒன்று தெளிவாய்ப் பிடிபட்டது. திரவியம் காலையில் சைக்கிளில் வீடுவீடாய் ஆட்டுப்பால் கொடுக்கப் போகிறவள், சந்தி தாண்டி இயக்கத்தின் முகாம் இருக்கிற றோட்டால்தான் போய்வருவாள். வற்சலா அந்தப் பக்கம் போயிருந்தால் திரவியத்தின் கண்ணில் படாமல் போகவே முடியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். கேட்டால் என்ன? ஒரு கேள்விதானே. ஆனால் வாயைத் திறந்தால் முடிந்தது, இத்தனை காலமும் கட்டிக் காத்த கோபம் ஒரு நொடியில் வீண். தோற்றவள் சற்குணம்தான் என்று ஒழுங்கை முழுக்கப் பால் கொடுக்கிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். சொல்லட்டும். சொல்லக்கூடாது. பிள்ளை பெரிதா, ரோசம் பெரிதா? பிள்ளைதான், யார் இல்லையென்றது, ஆனால் அவள் பதில் சொல்லாவிட்டால் பிள்ளையும் இல்லை, ரோசமும் இல்லை. கையிலிருந்த தோட்டின் திருகு உள்ளங்கையில் குத்தியது. சற்குணம் தொண்டையைச் செருமினாள். அந்தப் பக்கம் சப்புகிற சத்தம் சட்டென்று நின்றது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்!

“திரவியமக்கா,” என்றாள். அந்த அக்காவைச் சொல்ல அவளுக்கு உயிர் போய் வந்தது. “என்ர பிள்ளையை றோட்டில எங்கேயும் கண்டனீங்களே?”

பதில் இல்லை. பிறகு சப்பு.

சற்குணத்துக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்துகொண்டு இறங்கியது. கேட்டாளே, அக்கா என்று சொல்லிக் கேட்டாளே, ஒரு ஓம், ஒரு இல்லை, அதற்கும் அவளிடம் வக்கில்லையா? “உன்ர பெடியன் போனமாதிரி என்ர பெட்டையும் போகட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியோடி?” என்று கத்தினாள். கத்தும்போதே நாக்கு தன்பாட்டில் ஓடுகிறது என்று தெரிந்தது, பிடித்து நிறுத்த மனம் இல்லை. “எரியுதோ என்ர பிள்ளை உயிரோட திரியிறது? நீ நாசமாய்ப் போவாய். இந்தக் குண்டு உன்ர தலையில விழ! உன்ர தலையிலதான் விழ!” குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள், தோடும் மண்ணோடு போயிருக்கும், கடைசி நேரத்தில் விரலை மடக்கிக்கொண்டாள், தட்டிக்கு மேலால் தூற்றினாள்.

அந்தப் பக்கம் ஒரு தும்மல். பிறகு நீளமாக, அழுகிற குரலில், “மே” என்றது.

சற்குணம் தட்டியைப் பிடுங்கி எறிந்தாள். இருட்டில் ஆட்டின் கண் இரண்டும் தெரிந்தன. தலையில் மண்ணோடு நின்று, வாயை அசைத்து அசை போட்டுக்கொண்டு, இவளையே பார்த்தது. பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கப் பழகின ஆடு. திரவியம் இல்லை. திரவியம் இந்தக் குழிக்குள் இருக்கவே இல்லை. அப்படியென்றால் எங்கே? பால் கொடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை. சகடைக்குக் கீழே றோட்டில் நிற்கிறாள், அவள் தலையில் விழ என்று இவள் மண் அள்ளித் தூற்றியிருக்கிறாள். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை, என்றாள் ஆட்டிடம். சொன்னது வாய்தான். பிள்ளையாரே, வாய் சொன்னதைக் கணக்கில் எடுக்காதே, வாய்க்கு விசர். சிதறின மண்ணைக் கூட்டி அள்ளித் திரும்பவும் இந்தப் பக்கமே போட்டாள், போட்டால் சொன்னது திரும்பி வந்துவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, கை தானாகச் செய்தது. ஒரு பெண் றோட்டில் நிற்கப் பயந்தவளுக்கு இப்போது இரண்டு பெண்கள் றோட்டில். வற்சலா, திரவியம், திரும்பவும் வற்சலா. யாருக்கென்று முதலில் நேர்த்தி வைப்பது? உறுமல் தேய்ந்து தேய்ந்து கடல் பக்கமாகப் போவது கேட்டது. ஆட்டைத் தள்ளிக்கொண்டு, எது தன் வாசல் என்றும் பாராமல், கிட்ட இருந்த வாசலால் ஏறினாள். ஏறிய பிறகுதான் அது திரவியத்தின் வளவு என்று தெரிந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. சைக்கிள் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. இங்கிருந்து பார்த்தால் வேலிக்கு மேலால் தன் வீட்டு யன்னலும், யன்னலுக்குள் மெசினின் தலையும் துலக்கமாகத் தெரிந்தன. திரவியம் ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்துக்கொண்டா இருந்தாள்? கரனின் செத்தவீட்டு நாளில் மெசின் ஓடாததையும் பார்த்திருப்பாளா? சந்திப் பக்கம் புகை எழும்பியது. படலையடிக்கு ஓடினாள்.

ஒழுங்கை முனையில் இரண்டு சைக்கிள்கள் உருண்டு வந்தன. ஒன்றைத் திரவியம் உருட்டினாள், மற்றதை வற்சலா. இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சேறு. பால் கான் நசுங்கி ஹேண்டிலில் தொங்கியது. திரவியத்தின் ஒரு கை சைக்கிளில், மற்றக் கை வற்சலாவின் பின்னலைச் சுற்றிப் பிடித்திருந்தது, ஆட்டைக் கயிற்றில் கொண்டுவருகிற அதே பிடி. பிள்ளையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. உயிரோடு வருகிறாள், கையும் காலும் சரியாய் வருகிறாள் என்று சற்குணத்தின் நெஞ்சு ஒருமுறை குளிர்ந்தது. ஆனால் வாயில் வந்தது அது இல்லை.

“என்ர பிள்ளைக்குக் கை நீட்ட நீ ஆரடி?”

திரவியம் பின்னலை விட்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. “முகாம் வாசல்ல நிண்டவள். வா எண்டன், வரமாட்டன் எண்டாள். அடிச்சன். அடிச்சுத்தான் இழுத்துக்கொண்டு வாறன். வாற வழியில சகடை, ரெண்டு பேரும் வாய்க்காலுக்க கிடந்தம்.”

“பெத்த தாய் நான் அடிக்கேல்ல. நீ என்னண்டு அடிப்பாய்?”

“நீ அடிக்கேல்ல, அதுதான் அடிச்சனான்,” என்றாள் திரவியம். குரல் உயரவில்லை. “நானும் அடிக்கேல்ல என்ர பெடியனுக்கு. ரியூசன் எண்டு சொன்னவன், நம்பிச் சோறு கட்டிக் குடுத்து விட்டனான்.”

சற்குணத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்துவதற்கு ஆள் இல்லாமல் போனதும் ஒரு கோபம். மகளைப் பார்த்தாள். மகள் அழவில்லை, தலை குனியவும் இல்லை. சேற்றுக்கு உள்ளே அந்த மண்நிறச் சட்டை ஒரு தையலும் விடாமல் அப்படியே இருந்தது. சற்குணம் மகளின் சைக்கிளை வாங்கி வேலியில் சாத்தினாள், குந்தியிருந்து வால்வைத் திருகிப் பிடுங்கினாள், முன் ரயர், பிறகு பின் ரயர். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. இனி எப்படிப் போகிறாய் பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். திரவியம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் குந்தினாள். தன் சைக்கிளின் வால்வு இரண்டையும் பிடுங்கிச் சற்குணத்தின் கையில் வைத்தாள். நாளைக்கு எதில் பால் கொண்டுபோவாய் என்று சற்குணம் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஒழுங்கைப் புழுதியில், கிட்டக் கிட்ட, காற்று முழுக்க இறங்கும்வரை குந்திக்கொண்டிருந்தார்கள்.

வற்சலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. காய்ச்சல்காரருக்குச் சொல்கிற பதத்தில், மெதுவாகத்தான் சொன்னாள்.

“நடந்து போற தூரம்தான் அம்மா.”